ரசம் போன கண்ணாடியும் பால்சுறாப் புட்டும்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு ரசம் போன கண்ணாடி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வாசல் நிலையில் ஓர் ஆணியில் தொங்கும். ஓரமெல்லாம் கறுப்புப் படை படர்ந்திருக்கும். விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடும் முன், விளக்கை அதன் பக்கத்தில் பிடித்து அவசரமாகப் பொட்டு வைத்துக்கொள்வார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் கோப்பெங்கிலும் பீடோரிலும் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. அந்தச் சொல் மட்டும் அழியாமல் குடும்பங்களோடு கூடவே வந்திருக்கிறது.

அந்தச் சொல்லில் உள்ள ரசம் பாதரசம். இன்றைய கண்ணாடிகளில் அது கிடையாது. பின்பக்கம் இருப்பது வெள்ளி அல்லது அலுமினியப் பூச்சு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை வைத்து அழுத்திச் செய்தார்கள். வெள்ளீயம் என்பது பேராக்காரர்கள் வெறுமனே ஈயம் என்று சொல்லும் அதே உலோகம்தான். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் அலசி எடுத்து, ஈப்போவையே எழுப்பிய உலோகம்.

ஜெர்மனியில் இந்தக் கண்ணாடி வேலை செய்தவர்களுக்குக் கை நடுங்கியது, ஈறு வீங்கிப் பல் ஆடியது. யாராவது பக்கத்தில் நின்று பார்த்தாலே வேலை ஓடாத அளவுக்குக் கூச்சமும் பதற்றமும் பிடித்தன. அடால்ஃப் குஸ்மவுல் என்ற மருத்துவர் அவர்களைக் கூர்ந்து கவனித்து 1861இல் ஒரு நூலே எழுதினார். வெள்ளியைப் பூசிக் கண்ணாடி செய்யும் வழியை லீபிக் என்ற வேதியியலாளர் 1835லேயே கண்டுபிடித்திருந்தார். பழைய முறை ஓய்வதற்கு அதன் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அத்தனை வருடமும் அந்தத் தொழிலாளிகளின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

பாதரசம் நஞ்சு என்பது யாருக்கும் புதிதல்ல. அதைப் புடம் போட்டுப் பழகிய சித்தர்களுக்கும் தெரியும், ரசம் கலந்து கோபுரக் கலசத்துக்குப் பொன்முலாம் பூசிய பத்தர்களுக்கும் தெரியும். எந்த உருவில் அது நஞ்சு, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதில்தான் மனிதர்கள் திரும்பத் திரும்பத் தவறினார்கள். கண்ணில் பட்ட உருவத்துக்குப் பயந்தார்கள். கொன்றது வேறொரு உருவம்.

தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸரின் கை தவறி ஜுரமானி உடைந்தால், வெள்ளி மணிகளாக ஓடும் பாதரசத்தைப் பிள்ளைகள் உள்ளங்கையில் உருட்டி விளையாடுவார்கள். யாராவது அதை விழுங்கிவிட்டால் வீடே அலறும். ஆனால் விழுங்கிய உலோகப் பாதரசத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். தரையிடுக்கில் சிதறிய துளி யார் கண்ணிலும் படாது. சாதாரண அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. மூச்சோடு உள்ளே போகும் அந்த ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு உடம்பிலேயே தங்கி, ரத்தத்தின் வழியாக மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். துடைப்பத்தால் கூட்டினாலும் தூசி உறிஞ்சியை வைத்தாலும் துளிகள் இன்னும் பொடியாகி ஆவி கூடும். சன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு அட்டைகளால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைப்பதே சரியான வழி.

இந்த ஆவியைத் தமிழர்கள் அதிகம் மூச்சில் இழுத்த இடம் கொடைக்கானல். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிவந்த ஜுரமானித் தொழிற்சாலை, 1980களின் தொடக்கத்தில் இயந்திரங்களோடு பெயர்ந்து இந்த மலைக்கு வந்தது. முதலில் பாண்ட்ஸ் கம்பெனியிடம் இருந்தது, பிறகு யூனிலீவர் குழுமத்தின் இந்துஸ்தான் லீவரிடம் போனது. பாம்பார் சோலைக்கு மேலே, மலை விளிம்பில் அது நின்றது. கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்பி, சரிபார்த்து, பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் சுற்றுவட்டாரத்து இளைஞர்களும் பெண்களும்.

2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு பழைய சாமான் கிடங்கில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் உள்ளிட்ட அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் பாதரசம் கலந்த கழிவு ஏறத்தாழ 290 டன் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குத் திரும்பிப் போனது. பணக்கார நாடுகளின் கழிவு ஏழை நாடுகளுக்கு வருவதே வழக்கமாக இருந்த உலகில், எதிர்த்திசையில் போன அந்தக் கப்பலைக் கொடைக்கானல் மக்கள் இன்றும் தங்கள் வெற்றியாகச் சொல்வது நியாயம்தான்.

மண்ணும் பாசியும் கழிவோடு கப்பல் ஏறவில்லை. ஹைதராபாத் ஆய்வாளர்கள் சுற்றுப்புறத்து மரங்களின் பாசியிலும் கல்பாசியிலும், ஏரித் தண்ணீரிலும், மீனிலும் பாதரசத்தை அளந்து, ஆலையின் ஆவி எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று காட்டினார்கள். பாசிக்கு வேர் இல்லை, காற்றில் வருவதைத்தான் அது உண்கிறது. அதனாலேயே காற்று கொண்டுவந்த நஞ்சுக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது. தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தன்னுடைய ஆலையால் தொழிலாளர் நலம் கெடவில்லை என்று கம்பெனி கடைசி வரை சொல்லிவந்தது. 2015இல் சோபியா அஷ்ரப் பாடிய ஒரு ராப் பாட்டு இணையத்தில் உலகமெங்கும் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. உடன்பாட்டுக்குப் பதினைந்து வருடம் பிடித்திருக்கிறது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற சண்டை அதற்குப் பிறகும் நடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புக்கொண்டதைச் சூழலியல் அமைப்புகள் ஏற்கவில்லை.

மண்ணில் மிஞ்சும் கொஞ்சம் பாதரசத்துக்காக ஏன் இத்தனை சண்டை என்று கேட்கலாம். விடை தெரிய மினமாட்டாவுக்குப் போக வேண்டும்.

ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள அந்த மீனவ ஊரில் முதலில் பைத்தியம் பிடித்தவை பூனைகள். சுழன்று சுழன்று ஆடி, கடலில் விழுந்து செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் மரத்தது, பேச்சு குழறியது, பார்வை குறுகியது. தன் கழிவுநீரைக் கடலில் விட்டுவந்த சிஸ்ஸோ ரசாயனக் கம்பெனி, ஊருக்குள் ஒரு மருத்துவமனையும் நடத்திவந்தது. அதன் மருத்துவர் ஹோசோகாவா, 1956 மே 1ஆம் தேதி, இன்னதென்று தெரியாத ஒரு மூளை நோய் பரவுகிறது என்று அறிவித்தார். 1959இல் குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு கரிமப் பாதரசத்தைக் குற்றவாளியாகக் காட்டியது. அதே வருடம் ஹோசோகாவா தன் கம்பெனியின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண் பூனை. அதற்கும் அதே நோய் வந்தது. முடிவைக் கம்பெனி வெளியே விடவில்லை. பாதரசத்தைப் பயன்படுத்திய முறையிலேயே ஆலை 1968 வரை ஓடியது. அதே வருடம் செப்டம்பரில்தான் அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது. அரசு முறைப்படி நோயாளி என்று சான்றளித்தது ஏறத்தாழ 2,280 பேருக்கு. இழப்பீட்டுக்காக வாசலில் நின்றவர்கள் அதைப்போல் பல மடங்கு.

இங்கே ஆவி கொல்லவில்லை. ஆலையின் வினைகலனுக்குள்ளேயே பாதரசம் கரிமத்தோடு சேர்ந்து மெத்தில் பாதரசம் ஆகிவிட்டது. அதன் தந்திரம் பொல்லாதது. உடம்பில் புரதத்தின் ஒரு துண்டோடு ஒட்டிக்கொண்டு, மூளைக்குத் தேவையான ஒரு சத்தைப் போலவே வேடம் போடுகிறது. மூளையின் காவல் கதவு அதற்குத் திறக்கிறது. கருப்பையின் கதவும் திறக்கிறது.

நச்சுக்கொடி நஞ்சைத் தடுத்துவிடும் என்றே அன்றைய மருத்துவம் நம்பியது. மினமாட்டாவில் தாய்மார்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள், பிள்ளைகள் தலை நிற்காமல் பிறந்தார்கள். தான் சாப்பிட்ட மீனின் நஞ்சைப் பிள்ளை வாங்கிக்கொண்டது என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதில் போட்டுக்கொண்டவர் ஹரடா மசாசுமி என்ற இளம் மருத்துவர். 1962இல் அது உறுதியானது. பின்னாளில் அதற்கு இன்னொரு சான்றும் கிடைத்தது. ஜப்பானியக் குடும்பங்கள் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்ன மரப்பெட்டியில் பிறந்த தேதியோடு பத்திரப்படுத்துவார்கள். நம் வீடுகளில் தாயத்துக்குள் வைத்து அரைஞாணில் கட்டுவதைப் போன்ற பழக்கம். அந்தக் கொடிகளை வாங்கி அளந்தபோது, எந்த வருடத்தில் கடலில் எவ்வளவு நஞ்சு போனது என்பதே வருடவாரியாகத் தெரிந்தது. தாய்ப்பாசத்துக்காக எடுத்து வைத்த பொருள் ஆய்வகத்தில் ஆவணமானது.

சிஸ்ஸோ மாதிரி ஆலை இல்லாத ஊரில் கவலை இல்லை என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். அந்த நிம்மதியைக் கெடுத்தது ஸ்வீடன். அங்கே ஏரி மீன்களில் மெத்தில் பாதரசம் தென்பட்டது. கரையிலோ மெத்தில் பாதரசம் விடும் ஆலையே இல்லை. 1969இல் யென்சன், யெர்னலோவ் என்ற இருவர், காற்றோட்டம் இல்லாத அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன என்று காட்டினார்கள். எந்த மரபணுக்கள் இதைச் செய்கின்றன என்பது 2013இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தெரிந்தது, இரண்டே மரபணுக்கள். அவை உள்ள நுண்ணுயிர் சதுப்பிலும் வயல் சேற்றிலும் அலையாத்திக் காட்டு மண்ணிலும் இருக்கிறது.

ஆகவே கொடைக்கானல் மலை விளிம்பில் மிஞ்சும் பாதரசம் சும்மா கிடக்காது. மழையோடு இறங்கி, சேற்றில் சேர்ந்து, உரு மாறும். சேற்றிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து புழுவுக்கு, சின்ன மீனுக்கு, பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் அடர்த்தி ஏறும். தண்ணீரில் இருப்பதைவிட வேட்டை மீனில் பத்து லட்சம் மடங்குகூட ஆகலாம். குழம்பில் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது, ஏனென்றால் அது தசையோடு பின்னியிருக்கிறது.

பேராக்கில் மினமாட்டா நடக்கவில்லை. ஆனால் பாதரசம் இந்த மாநிலத்துக்கு அந்நியமும் இல்லை. பால்மரத்தின் வெட்டுப்பட்டையில் ஈரக்காலத்தில் பூஞ்சை பிடித்து அழுகும்போது பூசிய மருந்துகளில் ஒரு காலத்தில் பாதரசக் கலவைகளும் இருந்தன. புல்லுக்கு அடித்த மருந்தில் பாஷாணச் சத்தான ஆர்செனிக் இருந்தது. வாளியைத் தூக்கியவர்களுக்கு எல்லாமே வெறும் மருந்துதான், எதில் என்ன இருக்கிறது என்று யாரும் அவர்கள் மொழியில் எழுதி ஒட்டவில்லை. அப்படி எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதை இராக் காட்டியது. 1971-72இல் விதைப்பதற்காக வந்த கோதுமையில் மெத்தில் பாதரசம் பூசியிருந்தது. எச்சரிக்கை அந்நிய மொழியில் இருந்தது. நஞ்சுக்கு அடையாளமாகச் சாயம் பூசியிருந்தார்கள், பசித்த கிராமத்தார் சாயத்தைக் கழுவிவிட்டு ரொட்டி சுட்டார்கள். சாயம் போனது, நஞ்சு போகவில்லை. மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் 6,530 பேர், அங்கே இறந்தவர்கள் 459 பேர்.

பால்மரத்தோடு தொடர்புள்ள ஒரு சாவும் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தோடு வேலை செய்தபோது ஓரிரு துளி கையுறைமேல் சிந்தியது. ரப்பர் பாலில் செய்த கையுறை. விதிப்படி எல்லாம் செய்திருந்தார். சில மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடை தள்ளாடி, பேச்சு போய், 1997 ஜூனில் இறந்தார். சோதித்தபோது, அந்தத் திரவம் 15 விநாடிக்குள் ரப்பரை ஊடுருவிவிடுகிறது என்று தெரிந்தது. உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாடு மலேசியா. எந்தக் கையுறை எதைத் தடுக்கும் என்ற பாடத்தை அவருடைய உயிரைக் கொடுத்து உலகம் கற்றது.

இப்போது பேராக்கின் மேற்குக் கடற்கரைக்கு வரலாம். மஞ்சோங்கில், லுமுட்டுக்குத் தெற்கே, சுல்தான் அஸ்லான் ஷா மின் நிலையம் நிற்கிறது. 2000களின் தொடக்கத்தில் 2,100 மெகாவாட், 2015இலும் 2017இலும் இன்னும் இரண்டு பெரிய உலைகள். எல்லாம் நிலக்கரி. நிலக்கரியில் பாதரசம் இம்மியளவுதான், ஆனால் எரிப்பது மலை மலையாக. ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 2015இல் மனித வேலைகளால் காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 டன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்து, ஐந்தில் ஒரு பங்குக்கு நிலக்கரி காரணம். மலேசியாவின் 2014ஆம் வருடத்துத் தூய காற்று விதிகளில் நிலக்கரி உலைகளின் பாதரசத்துக்கும் வரம்பு உண்டு. வடிகட்டியில் சிக்காத ஆவி மாதக்கணக்கில் காற்றில் மிதந்து எங்கோ மழையாக இறங்கும். ஆகவே ஈப்போ மழையில் யாருடைய புகை இருக்கிறது, மஞ்சோங் புகை யார் குளத்தில் இறங்குகிறது என்று கோடு போட்டுப் பிரிப்பது மிகக் கடினம். ஒரு நாடு தனியாக இதற்கு வழி காண முடியாது என்பதால்தான் 2013இல் மினமாட்டா உடன்படிக்கை பிறந்து 2017இல் அமலுக்கு வந்தது.

புகைபோக்கியை நோக்கிக் கை நீட்டுவது சுலபம். அதைவிடப் பக்கத்தில், இரவுச் சந்தையிலும் கைப்பேசி விளம்பரத்திலும் இருக்கிறது முகம் வெளுக்கும் கிரீம். பாதரச உப்பு தோலின் நிறமியை உண்டாக்கும் நொதியை முடக்கும். இரண்டு வாரத்தில் முகம் வெளுக்கும், வாங்கியவள் மகிழ்வாள், தோழிக்கும் சொல்வாள். உப்பு தோல் வழியாக இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டி, கிரீமைத் தொடாத பிள்ளைக்கும் போகும். மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பாதரசம் கலந்த அழகுப் பொருட்களைக் கண்டுபிடித்துத் தடை செய்துகொண்டே இருக்கிறது. அவை வேறு பெயரில் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. டப்பாவில் பதிவு எண் இல்லாவிட்டால், செய்த இடம் தெரியாவிட்டால், கலோமெல் என்றோ மெர்க்குரி என்றோ ஒரு சொல் இருந்தால் தொடவே வேண்டாம். கறுப்பாக இருப்பது ஒரு குறை என்று பெண்பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே இந்தச் சந்தையை நம் சமூகமும் சேர்ந்து வளர்த்தது. இதைச் சொல்லாமல் கிரீமை மட்டும் பழிப்பது நேர்மையாகாது.

பால்சுறாப் புட்டின் விஷயம் வேறு மாதிரி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாவை வேகவைத்து, உதிர்த்து, பூண்டும் வெங்காயமும் தூக்கலாகப் போட்டுக் கிளறிக் கொடுப்பார்கள். அன்பால் செய்கிற சமையல். சுறாவோ நீண்ட நாள் வாழும் வேட்டை மீன், சங்கிலியின் உச்சியில் நிற்பது. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டியவற்றில் முதல் வரிசையில் அதைத்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வைக்கிறது. அதோடு வாள்மீனும் பெரிய கண் சூரையும்.

மீனே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் தவறு. அறிவியலும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. வட அட்லாண்டிக்கின் ஃபரோ தீவுகளில் 1986-87இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். தாய் திமிங்கல இறைச்சி உண்டதால் கருவில் பாதரசம் பெற்றவர்களுக்கு நினைவிலும் கவனத்திலும் மொழியிலும் சிறு பின்னடைவு தெரிந்தது. சீஷெல்ஸ் தீவில் தினமும் கடல் மீன் உண்ட தாய்மாரின் பிள்ளைகளில் அப்படித் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. மீனில் உள்ள கொழுப்புச் சத்து மூளைக்கு நல்லது செய்து, பாதரசத்தின் கெடுதலை ஈடு கட்டியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் யோசனை எளியது. மீன் சாப்பிடுங்கள், சின்ன மீனாகச் சாப்பிடுங்கள். உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பாதியாகக் குறையும். அதனால் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மாற்றிக்கொள்வது நல்லது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஈப்போவுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. மெங்லெம்புவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் ஏஷியன் ரேர் எர்த் ஆலை ஓடத் தொடங்கியது. ஈய லம்பத்துக் கழிவு மணலில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தது. மிஞ்சியது கதிர்வீச்சுள்ள தோரியம். மிட்சுபிஷி கெமிக்கல் அதன் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. ஊர் மக்கள் 1985இல் ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்காக உழைத்த வழக்கறிஞர் மீனாட்சி ராமன் 1987இல் லாலாங் நடவடிக்கை என்ற அரசாங்கக் கைது வேட்டையில் கைதானார். ஊர்ப் பிள்ளைகளைப் பரிசோதித்து அவர்கள் பக்கம் நின்றவர் மருத்துவர் ஜெயபாலன். 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது, 1993 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது, 1994 ஜனவரியில் ஆலை தானாகவே மூடியது. அங்கே நஞ்சு பாதரசமல்ல. ஆனால் மினமாட்டாவில் நடந்ததும் கொடைக்கானலில் நடந்ததும் இங்கேயும் நடந்தது: பக்கத்தில் இருந்தவர்கள் முதலில் சொன்னார்கள், ஆதாரம் எங்கே என்று அவர்களையே கேட்டார்கள்.

மீனுக்குத் திரும்பலாம். மஞ்சோங் கரைக்கு எதிரே பங்கோர் தீவு. அதன் நெத்திலிக் கருவாடு ஈப்போ பாசாரில் மூட்டை மூட்டையாக வரும். நெத்திலியின் ஆயுளே ஓரிரண்டு வருடம். உணவு மிதவை உயிர்கள். பாதரசம் சேர அதற்கு நேரமும் இல்லை, வழியும் குறைவு. பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வரும் மகளுக்கு நெத்திலிக் குழம்பு வைக்கலாம். கானாங்கெளுத்தி வாங்கலாம், மலாய்க்காரர்கள் கெம்போங் என்று சொல்வதுதான். புட்டுதான் வேண்டும் என்று பாட்டி அடம் பிடித்தால், அதே பூண்டும் அதே வெங்காயமும் போட்டு, வேகவைத்த கானாங்கெளுத்தியை முள் நீக்கி உதிர்த்துக் கிளறலாம். முள் எடுக்க மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.